ஜீவனாம்சம் கேட்பவளுக்கும் முழுநேர வக்கீல் வேண்டும்

மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், தமிழக அரசின் சட்டத் துறைக்கும்,

நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வக்கீல்கள் எழுதிக் கொடுப்பதை மனுவாக அடித்துத் தருவது, நகல் எடுப்பது, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது, இதுதான் பிழைப்பு. எங்கள் ஊர்க் குடும்பநல நீதிமன்றத்துக்குப் போகும் ஜீவனாம்ச மனுக்களில் ஒரு பங்கு என் மேஜையைத் தாண்டித்தான் போகிறது. சட்ட உதவியில் நியமிக்கப்படும் பேனல் வக்கீல்கள் கொண்டுவருபவையும் அதில் உண்டு. போன மாதம் அப்படி ஒரு மனு, மனுதாரர் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை என்று தள்ளுபடியானது. வக்கீலைப் போட்டுக் கொடுத்தது அரசின் சட்ட உதவி. வராமல் போனவர் அந்த வக்கீல். நஷ்டம் மட்டும் மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண்ணுக்கு. கோர்ட்டில் இதெல்லாம் சகஜம் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். சகஜம் ஆகிவிட்டது என்பதுதான் என் புகாரே.

அந்தப் பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அவரை அடையாளம் காட்டும் எதையும் எழுதவில்லை.

அவருக்கு மாதம் 4,000, மகளுக்கு 3,000 என்று கணவர் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. கொஞ்ச காலம் கொடுத்தார், பிறகு நிறுத்திவிட்டார். பத்து மாத நிலுவை சேர்ந்த பிறகு, இனிமேல் தானாக வராது என்று தெரிந்து, அவர் சட்ட உதவி மையத்துக்குப் போனார். ஒரு பேனல் வக்கீலை நியமித்தார்கள். நிலுவையை வசூலிக்கக் கேட்கும் மனுவை அடித்தது என் கடையில்தான். கையெழுத்து வாங்கிய அன்று, "அடுத்த வாரம் ஃபைல் பண்ணிடலாம்மா" என்று வக்கீல் சொன்னதை நானும் கேட்டேன். அந்த மனு எட்டு மாதம் அவருடைய ஃபைல் கட்டுக்குள்ளேயே கிடந்தது.

எட்டு மாதம் என்பது இந்த வகை மனுவில் வெறும் தாமதம் அல்ல. ஒவ்வொரு மாதத் தொகையும், அது கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டால்தான் அதை வசூலிக்க நீதிமன்றம் வாரண்ட் பிறப்பிக்க முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவில் இருந்த இந்த வரம்பு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 144ஆவது பிரிவிலும் அப்படியே இருக்கிறது. மனு சரியான நேரத்தில் போயிருந்தால் பத்து மாத நிலுவையும் அதற்குள் அடங்கியிருக்கும். எட்டு மாதம் கழித்துப் போனதால் முதல் ஆறு மாதங்கள் வாரண்டுக்கு வெளியே போய்விட்டன. 42,000 ரூபாய். அந்த அம்மா மெஸ்ஸில் எத்தனை மாதம் நின்றால் இந்தத் தொகை சேரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வரம்பு பணத்தின் மேலுள்ள உரிமையை அழித்துவிடாது, இந்த ஒரு வழியில் வசூலிப்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வேறு வழியில் போய் வசூலிக்கவும் ஒரு வக்கீல் வேண்டுமே. கிடைத்த வக்கீலே மனுப் போட எட்டு மாதம் எடுத்துக்கொண்டால், அந்தத் தீர்ப்பு இவருக்கு என்ன செய்யும்?

சரி, ஒருவழியாக மனு கோர்ட்டுக்குப் போய், வழக்கு நம்பரும் ஆனது. முதல் இரண்டு வாய்தாவுக்கு அந்தப் பெண் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனால் முதல் கேள்வி, "உங்க வக்கீல் எங்கம்மா?" வக்கீல் வேறொரு கோர்ட்டில் ஜாமீன் மனுவில் இருந்தார். அடுத்த வாய்தாவுக்கு, நீங்கள் வர வேண்டியதில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஆனால் வக்கீலும் வரவில்லை. சில வாரம் கழித்து, மடித்து மடித்து நைந்துபோன ஒரு துண்டுச் சீட்டில் எழுதிய வழக்கு எண்ணோடு அந்தப் பெண் என் கடைக்கு வந்தார். ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். ஆஜராகாததால் தள்ளுபடி என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. படித்து அர்த்தம் சொன்னேன். "அப்போ அந்தப் பணம் இனிமே இல்லைங்களா?" என்று கேட்டார். திரும்பப் போடலாம் என்று சொன்னேன். திரும்பப் போடுவதற்குள் இன்னும் சில மாதங்கள் கைவிட்டுப் போகும் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அந்த வக்கீலைத் தண்டியுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. அவர் கெட்டவர் இல்லை. வீட்டு வாடகை, ஆபீஸ் வாடகை, ஜூனியர் சம்பளம் எல்லாம் அவருடைய சொந்த வழக்குகளிலிருந்துதான் வர வேண்டும். சட்ட உதவி வழக்குக்குக் கிடைப்பது சிறு தொகை, அதுவும் தாமதமாக வரும். காசு கொடுத்த கட்சிக்காரரின் ஜாமீனும் காசு கொடுக்காத பெண்ணின் நிலுவை மனுவும் ஒரே நேரத்தில் இரண்டு கோர்ட்டில் கூப்பிடப்பட்டால் அவர் எங்கே நிற்பார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆளை மாற்றினாலும் இதேதான் நடக்கும். ஏற்பாட்டில் குறை இருக்கிறது.

ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் மீது கொடுமை வழக்கு நடக்கிறது. அந்தக் குற்றவியல் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பை நடத்தச் சம்பளம் வாங்கும் அரசு வழக்கறிஞர் இருக்கிறார். கணவருக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022இல் கொண்டுவந்த திட்டத்தின்படி முழுநேரச் சட்ட உதவி வக்கீல் கிடைப்பார். அவர் வெளி வழக்கு எடுக்கக் கூடாது, மாத ஊதியம் உண்டு, அதற்கென்று அலுவலகம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நல்ல வக்கீல் கிடைக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தத் திட்டம் குற்ற வழக்குகளுக்கு மட்டும்தான். அதே தம்பதி ஜீவனாம்சத்துக்காகக் குடும்பநல நீதிமன்றத்துக்கு வந்தால், மனைவிக்காகவும் பிள்ளைக்காகவும் முழுநேரமாக நிற்க அரசு தரும் வக்கீல் ஒருவரும் இல்லை. இருப்பவர் வழக்குக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பேனல் வக்கீல்தான். பிள்ளையின் சோற்றுக்கான வழக்கை மட்டும் ஏன் இப்படிப் பகுதி நேரக் கையில் விட்டிருக்கிறோம்?

குடும்பநல நீதிமன்றத்துக்கு வக்கீலே தேவையில்லை என்று நினைத்துத்தான் 1984இல் சட்டம் போட்டார்கள். வக்கீல் வைத்துக்கொள்வதை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது என்று 13ஆவது பிரிவு சொல்கிறது. நல்ல நோக்கம். நடைமுறையில் கணவர் தரப்பில் வக்காலத்தோடு வக்கீல் நிற்கிறார், நீதிமன்றமும் அனுமதிக்கிறது. அப்படியானால் எதிரில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு யார்? வசதியில்லை என்பதற்காக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று அரசியலமைப்பின் 39ஏ பிரிவு 1976இலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பெண்ணாக இருந்தால் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்கிறது. உங்கள் அலுவலகச் சுவரிலேயே இது எழுதியிருக்கிறது. இலவசமாகவும் தரமாகவும் இருக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் பெயரே சொல்கிறது. பேனல் வக்கீல் கட்சிக்காரரிடம் எதுவும் வாங்கக் கூடாது, ஒவ்வொரு வழக்கையும் கண்காணிப்புக் குழு பின்தொடர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எட்டு மாதம் ஒரு மனு ஃபைல் ஆகாமல் கிடந்ததை எந்தக் குழு பார்த்தது?

நல்ல வக்கீல் கிடைத்தால் எவ்வளவு வித்தியாசம் என்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு இளம் பேனல் வக்கீல், பெண், ஒரு ஜீவனாம்ச மனுவுக்காக என் கடையில் கட்சிக்காரரோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். கணவர், தான் சுமை தூக்கும் கூலி, தினமும் வேலை கிடைப்பதில்லை என்று எதிருரை போட்டிருந்தார். "அவர் வீட்டுக்கு எதுல வருவார்? கல்யாணத்துக்கு எதுல போனீங்க?" என்று இந்த வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பெண் யோசித்து, ஒரு டாடா ஏஸ் வண்டி, காய்கறி லோடு, என்று சொன்னார். பழைய போட்டோ ஒன்றில் வண்டி நம்பர் பாதி தெரிந்தது. மீதியை மகன் சொன்னான். அங்கேயே, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து அந்த வண்டியின் ஆவணத்தைத் தருவிக்கக் கேட்டு ஒரு மனுவை அடித்தோம். ஆவணம் வந்தது, வண்டி கணவர் பெயரில் இருந்தது. அதற்குப் பிறகு தொகை பற்றிய பேச்சே வேறு மாதிரி ஆனது. இது பெரிய சட்ட நுணுக்கம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து கேட்க நேரம் இருந்தது, அவ்வளவுதான். அந்த வக்கீல் இப்போது பேனலில் இல்லை. கட்டுப்படியாகவில்லை என்று விலகிவிட்டார்.

2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் தங்கள் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் தர வேண்டும் என்று சொன்னது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்பது 2001 திருத்தத்திலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. இவை எல்லாம் பெண்ணின் கையில் கொடுக்கப்பட்ட நல்ல கருவிகள். கணவர் வாக்குமூலம் போடவில்லை, உத்தரவிடுங்கள் என்று எழுந்து நின்று கேட்க ஒருவர் இருந்தால்தான் அவை வேலை செய்யும். என் மேஜைக்கு வரும் கட்டுகளில் மனைவியின் வாக்குமூலம் பக்கம் பக்கமாக இருக்கும், கணவருடையது பல சமயம் இருக்காது. வாய்தா மேல் வாய்தா போய்க்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாள் நெருங்கினால் ஜீவனாம்ச வழக்குகளில் ஒரு அவசரம் வந்துவிடுகிறது. நிலுவை லட்சத்தைத் தாண்டியிருக்கும் பெண்ணிடம், ஒரே தடவையாக இவ்வளவு வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள், இல்லை என்றால் இதுவும் வராது என்று அவருடைய சொந்த வக்கீலே சொல்கிறார். சமரசத்துக்கு நான் எதிரி இல்லை. பல வழக்குகள் பேசித் தீர்வதுதான் எல்லோருக்கும் நல்லது. ஆனால் மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதை எத்தனை பேருக்குக் கையெழுத்து வாங்கும் முன் தமிழில் விளக்கிச் சொல்கிறார்கள்? கையெழுத்துப் போட்ட பிறகு தாளை என்னிடம் கொண்டுவந்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா" என்று கேட்கும் பெண்களை நான் பார்க்கிறேன். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது அவர்கள் முகம் மாறுவதையும் நான்தான் பார்க்கிறேன். முடித்த வழக்குகளின் எண்ணிக்கையில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

உத்தரவு வாங்கிய பிறகு நடப்பதைப் பற்றிச் சட்டத் துறையிடம் தனியாகப் பேச வேண்டும். நீதிமன்றம் மாதம் 7,000 கொடு என்று உத்தரவிட்ட பிறகு, அதைக் கொடுக்காமல் இருப்பது அந்தப் பெண்ணுக்கும் கணவருக்கும் இடையில் உள்ள தகராறு மட்டும்தானா? நீதிமன்ற உத்தரவு மதிக்கப்படுவதில் அரசுக்கு அக்கறை இல்லையா? இப்போது ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்தான் மனுப் போட வேண்டும், அவர்தான் வாரண்டைப் பின்தொடர வேண்டும், அவர்தான் ஸ்டேஷனுக்கு நடந்து, ஆள் ஊரில் இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு வர வேண்டும். நிலுவை ஒரு வருடத்தைத் தாண்டாமல் தேதி வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்க வேண்டியவரும் அவர்தான்.

வேறு விதமாகவும் செய்யலாம். அமெரிக்காவில் 1975இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகையை வசூலிக்க ஒவ்வொரு மாநிலமும் ஒரு அமைப்பை நடத்த வேண்டும். சம்பளத்திலேயே பிடித்துத் தருகிறார்கள், தேவைப்பட்டால் அரசு வக்கீல் குடும்ப நீதிமன்றத்தில் வழக்கை நடத்துகிறார். பொதுவாக அவர் தாய்க்கும் வக்கீல் இல்லை, தகப்பனுக்கும் இல்லை, அரசுக்காக நிற்கிறார். அங்கேயும் குறைகள் உண்டு, கையில் காசே இல்லாத தகப்பனைச் சிறையில் அடைப்பது பற்றி அங்கே பெரிய விவாதமே நடக்கிறது. அதை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. வசூல் என்பது அரசின் வேலை என்று ஏற்றுக்கொண்டார்களே, அதைச் சொல்கிறேன்.

அமெரிக்கா வரை போக வேண்டாம் என்றால் நம் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கும் தாய் தகப்பன் விரும்பினால், அவர்களுக்காகத் தீர்ப்பாயத்தில் பராமரிப்பு அலுவலர் ஆஜராக வேண்டும் என்று இருக்கிறது. கிழவிக்காக ஒரு அரசு அலுவலர் எழுந்து நிற்கலாம் என்றால், அவளுடைய மகளுக்காகவும் பேத்திக்காகவும் ஏன் நிற்கக் கூடாது?

நான் கேட்பது இவைதான்.

குற்ற வழக்குகளுக்கு இருப்பதைப் போலவே குடும்பநல நீதிமன்றங்களுக்கும் முழுநேரச் சட்ட உதவி வக்கீல்களை நியமியுங்கள். வெளி வழக்கு எடுக்காதவர்களாக, மாத ஊதியம் பெறுபவர்களாக, ஒவ்வொரு நீதிமன்றத்திலும் குறைந்தது ஒருவர் பெண்ணாக. முதலில் ஜீவனாம்சமும் நிலுவை வசூலும் மட்டும் அவர்களிடம் இருக்கட்டும். தேசிய அளவில் திட்டம் வரும்வரை காத்திருக்காமல் மாநில அரசு நிதியில் சில மாவட்டங்களிலாவது தொடங்கலாம்.

சட்டத் துறை, ஒவ்வொரு குடும்பநல நீதிமன்றத்துக்கும் ஒரு அரசு வழக்கறிஞரை உத்தரவு நிறைவேற்றலுக்கென்றே பொறுப்பாக்க வேண்டும். எந்த வாரண்ட் எந்த ஸ்டேஷனில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று அவர் மாதம் ஒரு முறை நீதிமன்றத்தில் எழுத்தில் சொல்ல வேண்டும். கணவர் அரசு ஊழியராகவோ நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவராகவோ இருந்தால், சம்பளத்திலிருந்து பிடிக்க உத்தரவு கேட்பதும் அவர் வேலையாக இருக்கட்டும்.

சட்ட உதவி வழக்கில் வக்கீல் வரவில்லை என்பதற்காக மனு தள்ளுபடி ஆகும் முன், மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தகவல் போய், அடுத்த வாய்தாவுக்கு மாற்று வக்கீல் நிற்க வேண்டும். இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். உயர் நீதிமன்றத்திடம் கேட்டு வாங்குங்கள்.

வக்கீலை நியமித்த நாள், மனு தாக்கலான நாள், அடுத்த வாய்தா, இந்த மூன்றும் அந்தப் பெண்ணின் போனுக்குத் தமிழில் குறுஞ்செய்தியாகப் போகட்டும். நியமித்து 30 நாளில் மனு தாக்கல் ஆகவில்லை என்றால் கண்காணிப்புக் குழு வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். சமரசத் தாள் எதுவானாலும் தமிழில் இருக்க வேண்டும். வழக்கை நடத்தாத வேறொருவர் அதைப் படித்து விளக்கிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். மனு அடிக்கும் கூலி, நகல் செலவு, நோட்டீஸ் அனுப்பக் கட்டும் பேட்டா எதையும் கட்சிக்காரரிடம் கேட்கக் கூடாது என்பதைச் சட்ட உதவி மையத்தின் வாசலில் பெரிதாக எழுதி வையுங்கள். என் கடையில் அந்தச் செலவைக் கொடுப்பது இன்றும் பெண்கள்தான்.

கடைசியாக, போன மாதம் தள்ளுபடியான அந்த மனு. அதைத் திரும்பக் கோப்புக்கு எடுக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கவும், வாரண்டுக்கு வெளியே போய்விட்ட 42,000 ரூபாயை வேறு வழியில் வசூலிக்கவும் வேறொரு வக்கீலை இந்த வாரமே நியமியுங்கள். வழக்கு எண்ணை உங்கள் உதவி எண் 15100இல் புகாராகப் பதிந்திருக்கிறேன். என்ன செய்தீர்கள் என்பதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கு எழுத்தில், தமிழில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீதிமன்றத்துக்கு எதிரே ஜாப் டைப்பிங் செய்யும் ஒருத்தி